கல்லில் போட்ட புடவை

நான் பொய் சொன்னேன். ஊர் கூடி நின்ற இடத்தில், ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னேன். அந்தப் பொய்யில் அவளுடைய கடை போயிற்று, பேர் போயிற்று. நான் மட்டும் நன்றாக வாழ்ந்தேன்!

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் மன்னிப்பீர்கள் என்றா? இல்லை. மன்னிக்க நீங்கள் யார்? உங்களுக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லையே! ஆனால் நீங்களும் என்றாவது நான் விளக்குப் போட்ட அந்தக் கூடத்தில் நின்றிருக்கலாம். என் விளக்குகளை அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா!" என்று வாய் பிளந்திருக்கலாம். அதனால் உங்களுக்கும் இது தெரிய வேண்டும்.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. ஒற்றைக் காலில் நின்றாவது முடிப்பேன். அந்தப் பிடிவாதத்தை என் பெருமையாகவே நினைத்து வந்தேன்... அதுதான் என் குற்றத்துக்கும் வேர் என்பது மெல்லத்தான் புரிந்தது.

என் பெயர் கஜேந்திரன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் எனக்கு ஓர் அலுவலகம் உண்டு. கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் ஆலைகளுக்கும் விளக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, ஏணி சுமந்து, பிறகு ஏணி சுமப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்தவன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு வணிக வளாகம் இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. "கண்ணாடி மால் எறங்கு!" என்றுதான் கண்டக்டர்கள் கத்துவார்கள். மூன்று மாடி, நடுவே திறந்த கூடம், அந்தக் கூடத்துக்கு மேலே முழுவதும் கண்ணாடிக் கூரை. வானம் அப்படியே உள்ளே இறங்கி வரும். கல்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். மதுராந்தகம் பக்கத்திலிருந்து கல்யாணத் துணி எடுக்க வேன் வைத்துக்கொண்டு வருவார்கள்.

கூடத்தின் நடுவில் ஒரு கல்மேடை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் செய்து கொண்டுவந்து பதித்த எட்டுப்பட்டைக் கருங்கல். உட்காருவதற்காகத்தான் போட்டார்கள். ஆனால் அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காரணம், மெஹருன்னிசா.

ஊரே அவளை மெகர் அக்கா என்றது. நானும் அப்படித்தான் அழைத்தேன். கீழ்த்தளத்தில் அந்தக் கல்லுக்கு எதிரே பட்டுப் புடவைக் கடை வைத்திருந்தாள். அவளுடைய அத்தா சதுரங்கப்பட்டினத்துத் தெருக்களில் சைக்கிளில் துணி விற்றவராம். வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து, துணியை வெயிலில் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். மாடி வைத்த கட்டடத்துக்குள் கடை போட்ட பிறகும் மெகர் அக்கா அந்த வழக்கத்தை விடவில்லை. யார் புடவை எடுத்தாலும் பில் போடுவதற்கு முன்னால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவாள். கண்ணாடிக்குக் கீழே, அந்தக் கல்லில் விரிப்பாள்.

"நல்லா பாத்துக்கம்மா. கல்லுல போட்டுப் பாத்துட்டுதான் பில்லு" என்பாள்.

மற்றக் கடைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் விடவில்லை. "கல்லுல போடு, கல்லுல போடு" என்று எல்லாக் கடைகளிலும் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. வீட்டில் இருப்பவர்கள், "கல்லுல போட்டாச்சா?" என்று கேட்டு, "போட்டாச்சு" என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அந்தக் கல்லின் மேல் இத்தனை நம்பிக்கை!

அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

வளாகத்தின் பழைய விளக்குகளை எடுத்துவிட்டுப் புதிதாக அமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கண்ணாடி வழியாக வெக்கை இறங்குகிறது, மழைக்காலத்தில் ஒழுகுகிறது, அதையும் சரிசெய்து கொடுங்கள் என்றது நிர்வாகம். வெக்கையைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் படலம் போதும். ஒழுகலுக்கு விளிம்பு அடைத்தால் போதும். இது எனக்குத் தெரியும்... ஆனாலும் மூடிவிடலாம் என்று சொன்னவன் நான்தான்! நிர்வாகம் கேட்காத ஒன்றை வற்புறுத்தி, படம் போட்டுக் காட்டி, சம்மதிக்க வைத்தேன்.

ஏன்? பகல் வெளிச்சம் உள்ளே வந்தால் என் விளக்குகள் எடுபடாது. அவ்வளவுதான்! சூரியனோடு எனக்குப் போட்டி.

கண்ணாடிக்குக் கீழே பலகை அடித்து மூடும் வேலை தொடங்கியபோது மெகர் அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"தம்பி, எல்லாத்தையும் மூடிக்க. அந்தக் கல்லுக்கு நேரா மட்டும் கொஞ்சூண்டு திறந்து வுடேன்."

"அக்கா, சூரியனைவிட நல்ல வெளிச்சமா தரேன். பாத்துகினே இரு!"

அவள் சிரித்தாள். நம்பிச் சிரித்தாள்.

விளக்குகளில் இரண்டு வகை என் முன்னால் இருந்தன. ஒன்று, நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும். இன்னொன்று, சிவப்பைத் தூக்கிக் காட்டும். பட்டும் பழமும் நகையும் அதன் அடியில் ஜொலிக்கும். கூரையை மூடி முடித்ததும் இரண்டையும் கூடத்தில் பொருத்தி, ஒரு காலை வேளையில் கடைக்காரர்களையும் மேலாளரையும் வரவழைத்துக் காட்டினேன். எல்லாரும் இரண்டாவதைத்தான் கைகாட்டினார்கள். காட்டமாட்டார்களா?

அப்போது என் மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது. நரசிம்மர் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு. குளித்துக் குளித்து, வெளுத்து, பழுப்பாகி நெடுநாளாயிற்று. அந்த விளக்கின் அடியில் கையை உயர்த்தியபோது தற்செயலாக அதைப் பார்த்தேன்... அன்று காலையில் கட்டியது போல் செக்கச் செவேல் என்று இருந்தது! வெளியே வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பழுப்பு. உள்ளே வந்தேன். சிவப்பு.

நான் பயந்திருக்க வேண்டாமா? புடவை விற்கும் இடத்தில் இந்த விளக்கு ஆகாது என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டாமா? தொழில் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தானே! ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம். கையை மறுபடி மறுபடி தூக்கிப் பார்த்து ரசித்தேன்.

திறப்பு விழா அன்று கூடம் முழுக்க ஜனம். பொத்தானை அழுத்தியதும் மூன்று மாடியும் மின்னிற்று. மாலை போட்டார்கள். என் தோளைத் தட்டாத ஆள் இல்லை. "கண்ணாடி போனா இன்னா, இது சொர்க்கம் மாதிரி கீது!" என்று யாரோ சொன்னது என் காதில் வெகுநாள் தேனாக இருந்தது.

மெகர் அக்கா அன்றும் ஒரு புடவையைக் கொண்டுவந்து அந்தக் கல்லில் விரித்தாள். கல் அதே கல்தான். மேலே வானம் இல்லை என்பதை யாரும் நினைக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

மேல்மாடியில் சில விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன என்று அழைத்திருந்தார்கள். முற்பகலில் போயிருந்தேன். வேலையை முடித்துக்கொண்டு கீழே இறங்கும்போது கூச்சல் கேட்டது. கல்லைச் சுற்றிக் கூட்டம். நடுவில் தனலட்சுமி என்ற அம்மாள். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கிராமம். மகன் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுத்தவள். கூடவே அவளுடைய தம்பியும் நாலைந்து உறவுக்காரர்களும்.

நடந்தது இதுதான். அரக்குச் சிவப்பு என்று எடுத்த புடவையைப் பந்தலில் தாம்பூலத் தட்டில் வைத்து, பெண் வீட்டார் முன்னால் பிரித்திருக்கிறார்கள். காலை வெயிலில் அது கறுப்பாக இருந்திருக்கிறது. சிவப்புச் சாயல் லேசாக ஓடும் கறுப்பு! மணப்பெண்ணுக்குக் கறுப்பா? பெண்ணின் தாய்மாமன் தட்டைத் தள்ளிவிட்டானாம். "எங்க பொண்ண வாழ வைக்கக் கூப்புடுறீங்களா, சாவடிக்கக் கூப்புடுறீங்களா?" என்று கேட்டானாம். கடைசியில் பெண்ணின் அக்காள் தன் பழைய கல்யாணப் புடவையைக் கொடுத்து, அதை உடுத்தித் தாலி கட்டியிருக்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் தனலட்சுமி அம்மாள் தலை குனிந்து நின்றிருக்கிறாள்.

"கல்லுல போட்டுக் காட்டுனியேம்மா! உன்ன நம்பித்தானே எடுத்துகினு போனேன்!" என்று கதறிக்கொண்டு அவள் புடவையைக் கல்லில் வீசினாள்.

வீசிய புடவை சிவப்பாக இருந்தது.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாள் பேயறைந்தவள் போல் நின்றாள். "வூட்டுல கறுப்பா இருந்திச்சே... சத்தியமா கறுப்பா இருந்திச்சே..." அவளுடைய தம்பி புடவையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். எல்லாரும் பின்னால் ஓடினோம். வெயிலில் பிரித்தான். கறுப்பு.

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்களும் மெகர் அக்காவின் மேல் திரும்பின.

அவள் முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! தன் கையால் தேர்ந்து வாங்கிய சரக்கு. அதை வாங்கும்போதும் இதே விளக்கின் அடியில்தானே பார்த்திருக்கிறாள்? அவளையும்தானே ஏமாற்றியிருந்தேன்? புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தவள் கூட்டத்தில் என்னைக் கண்டாள். தனக்குத் துணை இருக்கிறது என்பது போல் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"தம்பி! நீ சொல்லு. லைட்டு மாத்துனதாலயா இப்பிடித் தெரியிது? நீதானே போட்ட, நீயே சொல்லு!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. மூன்றெழுத்து. அதைச் சொல்ல என்ன செலவு? பக்கத்தில் மேலாளர் நின்றிருந்தார். மாலை போட்ட கடைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆமாம் என்றால் என் சொர்க்கம் அன்றோடு சரி... வளாகத்தில் விற்ற ஒவ்வொரு புடவையும் திரும்பி வரும். சூரியனைவிட நல்ல வெளிச்சம் தருகிறேன் என்ற என் வீறாப்பு சந்தி சிரிக்கும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்தவன் குரலில் சொன்னேன்.

"லைட்டு ஒண்ணும் பண்ணாதுக்கா. எல்லாக் கடைக்கும் ஒரே லைட்டுதானே? மத்த கடைப் புடவையெல்லாம் மாறலியே. சாயம் மட்டமா இருந்தா வெயில்ல இப்படித்தான் தெரியும்."

கேட்டீர்களா? லைட்டைக் காப்பாற்றியது போதாதென்று அவளுடைய சரக்கின் மேல் பழியையும் போட்டேன்! அந்த அளவுக்குப் போக யாரும் என்னைத் தூண்டவில்லை, மிரட்டவில்லை. நாக்கு தானாக நீண்டது.

"இன்ஜினியரே சொல்லிட்டாரு!" என்றது கூட்டம்.

மெகர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனலட்சுமி அம்மாளிடம் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக்குள் போய் உட்கார்ந்தாள்.

மட்டச் சாயக் கடை என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வேனில் வந்த குடும்பங்கள் அந்தக் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போயின. "கல்லுலயே கண்ணக் கட்டுறவளாச்சே" என்று பேசிக்கொண்டார்கள். கல்லில் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவளுக்கு அந்தக் கல்லின் பேராலேயே கெட்ட பேர்! அடுத்த ஆடித் தள்ளுபடி வருவதற்குள் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தூங்கினேன், சாப்பிட்டேன், அடுத்தடுத்த வேலைகளை எடுத்தேன். அந்த வளாகத்தைக் காட்டித்தான் எத்தனை வேலைகள் பிடித்தேன்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சம். என் மனைவி வசந்தி புடவை எடுக்க வேண்டும் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவளைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். "கண்ணாடி மால் பக்கத்துலேயே கீதே, அம்மாந்தூரம் இன்னாத்துக்கு?" என்று அவள் கேட்பாள். "அங்கதான் நல்லா இருக்கும்" என்று மழுப்புவேன். ஊரார் வீட்டுப் பெண்களுக்கு என் விளக்கு. என் வீட்டுப் பெண்ணுக்குச் சூரியன்! இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் எந்தச் சாமியின் முன்னால் சொல்ல முடியும்?

அண்மையில் வளாகத்தின் மேலாளர் மறுபடி அழைத்தார். எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். "சார், அதே எஃபெக்ட் வேணும் சார். அதே லைட்டு. நீங்கதான் கரெக்ட்" என்றார். காபி வந்தது. கையை நீட்டினேன். மேசைக்கு மேலேயும் என் விளக்குதான். என் விரல்கள் சுண்டினால் ரத்தம் வரும் போலச் சிவந்து தெரிந்தன. காபியைத் தொடாமல் எழுந்தேன்.

"இந்த லைட்டை இனிமே எங்கேயும் போடமாட்டேன். போட்டதையும் எடுக்கணும்" என்றேன்.

அவர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மாமல்லபுரம் போனேன்.

மெகர் அக்கா அங்கேதான் இருக்கிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். கடற்கரைக்குப் போகும் வழியில், சிற்பக் கடைகள் முடியும் இடத்தில், கயிறு கட்டிப் பருத்தித் துண்டுகளும் மேல்துணிகளும் தொங்கவிட்டு விற்கிறாள். கூரை கிடையாது. பல முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன்... ஒவ்வொரு முறையும் கடலைப் பார்ப்பது போல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு!

அன்று திருப்பவில்லை. போய் முன்னால் நின்றேன்.

"அக்கா... அன்னிக்கு அந்தப் புடவை... லைட்டாலதான்க்கா."

அவள் துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"மறுநாளே தெரிஞ்சிபோச்சி. கடையில கீற புடவையெல்லாம் ஒண்ணொண்ணா வாசல்ல கொண்டுபோயிப் பாத்தேன். எல்லாமே மாறிச்சி."

"அப்போ ஏன்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே! லைட்டுக்காரரே சொல்லிட்டாரு, நீ இன்னா புதுசா சொல்றேன்னாங்க." முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பொய்ய எல்லாரு எதிர்லயும் சொன்ன. நெசத்த மட்டும் என் காதுல வந்து சொல்றியா? இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவள் குனிந்து, துணிகளைக் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள். மூட்டை கட்டிய துணியை உதறினாள். பட்டு. ஜரிகை நசுங்கிப்போன, கறுத்த பட்டு. அந்தக் கூறைப்புடவையேதான்!

"இத எடுத்துகினு போ. அங்க சொன்னத அங்கயே போயி சொல்லு. அந்தக் கல்லுகிட்ட."

வாங்கிக்கொண்டேன். அன்றிரவு வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அதான் காஞ்சிபுரமா?" என்று மட்டும் கேட்டாள்.

மனம் மாறிவிடுமோ என்ற பயம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் சரி, அன்றுதான் கூட்டம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய விளக்கு, உள்ளதை உள்ளபடி காட்டும் விளக்கு, என் கிடங்கில் ஒரு மூலையில் கிடந்தது. அதை ஒரு தாங்கியில் பொருத்தி எடுத்துக்கொண்டு போனேன். கல்லின் மேல் புடவையை விரித்தேன். என் விளக்குகளின் அடியில் அது வெட்கமில்லாமல் சிவந்தது.

உரக்கச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன், என் தொழிலைச் சொன்னேன். மெகர் அக்கா விற்ற புடவையில் மட்டமான சாயம் இல்லை, மட்டமானவன் நான் என்று சொன்னேன்.

"இன்னா சார், விளம்பரமா?" என்று ஒருவன் செல்போனை நீட்டினான்.

நான் கொண்டுபோன விளக்கைப் புடவைக்கு அருகில் இறக்கி எரியவிட்டேன். வட்டமாக ஓர் இடம் கறுத்தது. அத்தனை பேர் கண் முன்னால், சிவப்புக்கு நடுவே கறுப்பு! ஒரு பெண் அதைப் பார்த்தாள். தன் கையிலிருந்த புதுப் பையைப் பார்த்தாள். வாசலுக்கு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி... பிறகு கும்பலாக ஓடினார்கள். கடைக்காரர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். "எங்க வயித்துல அடிக்கிறியே, நல்லா இருப்பியா?" என்றார்கள். மேலாளர், "சார், சீன் போடாதீங்க சார், வெளிய வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போகவில்லை. தனலட்சுமி அம்மாளின் பெயரையும் சொல்லி முடித்த பிறகுதான் கல்லை விட்டு நகர்ந்தேன்.

மறுநாள் அந்த அம்மாளின் ஊருக்கும் போனேன். அவள் வெளியே வரவில்லை. அன்று தாலி கட்டிக்கொண்ட மருமகள்தான் இடுப்பில் குழந்தையோடு வந்து, நான் சொன்னதையெல்லாம் நின்று கேட்டாள்.

"அத்தை இன்னும் எந்தக் கல்யாணத்துக்கும் போறதில்லண்ணா. என் கல்யாணப் போட்டோவுலயும் எங்கக்கா புடவதான் கீது. அத மாத்த முடியுமா?"

முடியாது, தாயே... முடியாது!

நீங்கள் இப்போது அந்த வளாகத்துக்குப் போனால் கூடத்தின் மேல்பலகையைப் பிரித்திருப்பதைப் பார்க்கலாம். கண்ணாடி மறுபடி தெரிகிறது. விளக்குகளையும் மாற்றினார்கள்; வேறு ஆளை வைத்து. அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் கைபேசிகளில் சுற்றியதும் நிர்வாகம் பயந்துவிட்டது. பயந்ததோடு நிற்கவில்லை. வாசலில் பெரிய பதாகை வைத்தார்கள்: இயற்கை ஒளியில் உங்கள் பட்டு! என் குற்றம் அவர்களுக்கு விளம்பரமாயிற்று. ஜனங்கள் மறுபடி கல்லில் புடவை போடுகிறார்கள். அதை முதலில் போட்டவள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு வேலைகள் குறைந்துவிட்டன. குறையட்டும்! வருகிறவர்களிடம் முதலில் இந்தக் கதையைச் சொல்கிறேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்குத்தான் விளக்குப் போடுகிறேன். நான் இருக்கும்வரை இப்படித்தான்.

புடவையைத் திருப்பிக் கொடுக்க மாமல்லபுரம் போனேன். நண்பகல் வெயில். நடந்ததைச் சொன்னேன். கூரை திறந்ததைச் சொன்னேன். பழைய கடை இப்போது காலியாக இருக்கிறது, வந்துவிடு, நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

"எனக்கு அந்தக் கல்லு வாணாம்" என்றாள். அவ்வளவுதான். புடவையை வாங்கித் தரையில் விரித்து, துணிகளை அதில் அடுக்கி, பழையபடி மூட்டை கட்டினாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

போகவும் மனமில்லை, நிற்கவும் முகமில்லை. கயிற்றில் தொங்கிய ஒரு நீலத் துண்டைக் கைகாட்டினேன். அவள் அதை உருவினாள். மடிப்பைப் பிரித்து, இரண்டு கைகளாலும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இங்க பாரு. ஓரத்துல ஒரு இழை அறுந்து கீது. அப்பறமா வந்து சொல்லலியேன்னு கேக்காத. நல்லாப் பாத்துட்டு எடு."

யார் வந்தாலும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னாள். தம்பி என்று மட்டும் சொல்லவில்லை.

எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்தத் துண்டு என் தோளில்தான் கிடக்கிறது. அறுந்த இழை எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும்.